எதிர்வீட்டு முகம்

போன ஞாயிற்றுக்கிழமை என் எதிர்வீட்டுக்காரரை நான் சாகடித்துவிட்டேன்.

பதற வேண்டாம். கத்தி, கடப்பாரை எதுவும் இல்லை. ஒரு பிரஷ், அரை டப்பா மஞ்சள் பெயின்ட், ஒரு செல்போன்... அவ்வளவுதான் ஆயுதம். செத்துப்போனவர், நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் ரவிக்கைதான். நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக அப்படித்தான் சொல்கிறார்.

எப்படி நடந்தது இந்தக் கொலை? முதலில் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டுப் போட்ட மனைப்பிரிவில் இருக்கிறது எங்கள் தெரு. முப்பத்தாறு வீடு. நான் குடிவந்தபோது ஒன்பதுதான். வருடத்துக்கு மூன்று, நாலு என்று முளைத்து இப்போது ஒரே ஒரு மனைதான் காலி. குமராட்சிப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகள் படிப்புக்காக வந்தவர்கள், கிள்ளையிலிருந்து வந்த ஓவிய வாத்தியார், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய், கத்தோலிக்கக் குடும்பங்கள் நாலைந்து, கம்பெனி வேலைக்கு வந்து ஒரே வீட்டில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா வெல்டர்கள்...

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? கிட்டே வந்து பார்த்தால் முப்பத்தாறு கேட், முப்பத்தாறு பூட்டு. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் ஒற்றுமையாக இருப்போம். காலையில் குட்மார்னிங் ரோஜாப்பூ. சாயந்திரம் ‘தெரு விளக்கு எரியல’. மழைக்காலத்தில் ‘தண்ணி எந்த வீடு வரைக்கும் வந்திருக்கு?’ பேர் எதற்கு? வீட்டு நம்பர் போதும். “பதினாலுல நாய் கொரைக்குது.” “இருவத்திரண்டுல கிரைண்டர் சத்தம் ஜாஸ்தி.” நானும் அந்த ஜாதிதான். சிதம்பரத்தில் ஆபீஸ், நாள் முழுக்க கவுன்ட்டரில் ஆட்களின் முகம். வீட்டுக்கு வந்தால் மனிதர்கள் கொஞ்சம் தூரத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி.

தெரு முனையில், மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி, அந்தக் காலி மனையின் நீளமான மதில் சுவர். எந்நேரமும் அதில் ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி... ஒருமுறை ஒரே நாளில் ஒரு பக்கம் மணமக்கள், மறுபக்கம் மாலை போட்ட பெரியவர். இரண்டு பேனரிலும் கீழே வரிசையாக நின்றது ஒரே சொந்தக்காரர்கள், ஒரே கூலிங் கிளாஸ்.

இந்தச் சுவரைப் பார்த்துத்தான் கலைமணி சாருக்கு ஐடியா வந்தது. சொன்னேனே, அந்தக் கிள்ளை வாத்தியார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“நம்ம தெரு சொவத்துல ஊருல உள்ளவங்க மூஞ்சியெல்லாம் இருக்கு. நம்ம மூஞ்சி ஒண்ணாவது இருக்கா? வூட்டுக்கு ஒரு மூஞ்சி வரைவோம். மனைக்காரர்கிட்ட பெர்மிஷன் வாங்கிட்டேன்.”

நான்தான் முதலில் எதிர்த்தேன். “நம்ம மூஞ்சியெல்லாம் பாக்குற மாதிரியா சார் இருக்கு? வெள்ளையடிச்சி ‘விளம்பரம் செய்யாதீர்’னு எழுதுங்க. போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவர் விடவில்லை.

“கோடு மட்டும் நான் போட்டுத் தரேன். பெயின்ட் நீங்கதான் அடிக்கணும். உங்க மூஞ்சிய நீங்க இல்ல, உங்க எதிர்வூட்டுக்காரங்க அடிக்கணும். போட்டோ பாத்து அடிக்கக் கூடாது. ஆளு எதிர்ல ஸ்டூல் போட்டு ஒக்காரணும், நீங்க பாத்துப் பாத்து அடிக்கணும்.”

எதிர்வீட்டுக்காரரை ஒரு மணி நேரம் உற்றுப் பார்ப்பதா? நம் ஊரில் அதற்குப் பேரே வேறு! அடிதடியில் முடியும்.

பாய் கையைத் தூக்கினார். ரஹமத்துல்லா பாய், அறுபது வயது, அதிர்ந்து பேச மாட்டார். “எங்க வூட்டுல உருவம் வரையிறது பழக்கமில்ல சார். தப்பா நெனைக்காதீங்க. பெயின்ட்டு, பிரஷ்ஷு வேணும்னா நான் கடையிலேர்ந்து தந்துடறேன்.”

“மூஞ்சி வேணாம் பாய். உங்கள நெனச்சா என்ன ஞாபகம் வருதோ அத வரைவோம்” என்றார் கலைமணி சார்.

பாய்க்கு எதிர்வீடு ஒடிசாக்காரர்கள். அவர்களில் ஒருவர், பிகாஷ் என்று பேர், பாயின் பழைய மொபெட்டை வரைந்தார். கேரியரில் மரப்பெட்டி, ஹேண்டில்பாரில் கறுப்புக் குடை... வெயில், மழை எதுவானாலும் பாய் குடை இல்லாமல் வண்டி எடுக்க மாட்டார். பதிலுக்கு பாய் வரைந்தது பிகாஷின் வெல்டிங் முகமூடியை. சுற்றிலும் மத்தாப்பு மாதிரி பொறி. இரண்டு வருடமாக எதிரெதிரே இருந்தும் பாய் அவரை ‘இந்திக்காரர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்திக்காரர் இல்லை, ஒடியா என்று ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சுவரில் முகம் இல்லாத படங்கள் இந்த இரண்டும்தான். குழந்தைகள்கூட ஆளைச் சட்டென்று சொல்வது இந்த இரண்டுக்கும்தான்.

சரி, எனக்கு எதிர்வீடு யார்?

சகாயமேரி. தெருவுக்கே சகாயம் அக்கா. வீட்டு முன்னறையில் தையல் கடை. கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது. ஒருநாள் கோயிலுக்கு டேப்போடு போய்விட்டு, பூசை நடுவில்தான் கவனித்தாராம். தெருவில் பாதிப் பெண்களின் உடம்பு அளவு அவருக்கு மனப்பாடம். ஆனால் அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்பது வருடத்தில் நான் அவரிடம் பேசியது முக்கால்வாசி ‘எப்ப தருவீங்க?’ தான்.

அவர் வீட்டுக்காரர் முருகையன், அரசு பஸ் கண்டக்டர். சொந்த ஊர் குமராட்சிப் பக்கம். அவர் ஓடுவது கடலூர் - சிதம்பரம் ரூட். ஆபீஸ் விட்டு வரும்போது வாரத்தில் இரண்டு நாளாவது அவர் பஸ்தான் எனக்குக் கிடைக்கும். கூட்டம் முடிந்த மறுநாள் டிக்கெட் கொடுக்கும்போதே ஆரம்பித்தார்.

“மேடம், எங்க வூட்டம்மாவ நீங்கதான் வரையப்போறீங்களாமே?”

“தலையெழுத்து” என்றேன்.

“நல்லா வரைங்க மேடம். ஏற்கெனவே ஒரு பேனர்ல அவ மூஞ்சி வுட்டுப்போச்சு.”

சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார். முட்லூரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அப்புறம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர்கள் கல்யாணத்தில் அக்கா வீட்டுக்கு விருப்பமில்லை. அவர் வேற மதம், வேற ஜாதி. அப்பா கடைசிவரை பேசவில்லை. பன்னிரண்டு வருடம் முன்பு அப்பா இறந்துபோனார். அக்கா போனார். வாசலில் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர். அம்மா, பிள்ளைகள், மருமகள், பேரன் பேத்தி, துபாயில் இருக்கிற சித்தப்பா மகன்வரை எல்லோருடைய முகமும் இருந்தது. சகாயமேரி முகம் மட்டும் இல்லை.

“போட்டோவெல்லாம் ஃப்ளெக்ஸ் கடைக்குக் குடுத்தது இவ தம்பி அந்தோணி. கூட வளந்தவன். இவ இடுப்புலயே வளந்தவன்னு வச்சிக்கங்களேன். ‘என் போட்டோ எங்கடா?’ன்னு இவ கேட்டா. அவன் தலைய குனிஞ்சிக்கிட்டு சொன்னான் மேடம்... ‘எடம் பத்தலக்கா.’”

பன்னிரண்டு அடி பேனர். துபாய்க்கு இடம் இருந்திருக்கிறது.

“அன்னிக்கு வந்தவதான். அதுக்கப்புறம் இவளும் போவல, அவனும் வரல. அவுங்க அம்மா உயிரோட இருந்தவரைக்கும் போன்ல பேசுவாங்க. அவுங்களும் போனப்புறம் அதுவும் கெடையாது” என்றார்.

கடலூரில் ஒரு வேலை இருந்ததால் அன்று நான் எங்கள் ஸ்டாப்பில் இறங்கவில்லை. பஸ் முதுநகர் ஸ்டாப்பில் நின்றது. எதிரே ஒரு போட் இன்ஜின் மெக்கானிக் ஷாப். முருகையன் அந்தப் பக்கம் பார்க்காமல் விசில் கொடுத்தார். “அதான் அவன் கடை. தெனம் எட்டு தடவ இதே எடத்துல விசில் அடிக்கிறேன்” என்றார்.

அந்தக் கடையிலிருந்து எங்கள் தெருவுக்கு வண்டியில் இருபது நிமிடம். இருபது நிமிடத் தூரத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கடக்காமல் இருக்க முடியுமா? நம்மவர்களால் முடியும். அதில் நாம் கெட்டிக்காரர்கள்.

சனிக்கிழமை காலை சகாயம் அக்கா ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். தலையை அழுந்த வாரி, வெளிர் நிறத்தில் சேலை. கழுத்தில் டேப்.

“டேப்ப எடுத்துடட்டா மேடம்?”

“வேணாங்க்கா. அது இல்லன்னா யாருன்னே தெரியாது.”

விதி அங்கேதான் விளையாடியது.

முகத்தைப் பொறுத்தவரை, என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாது, சுமாராகவே வந்தது. கலைமணி சார் கோடு அப்படி. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. ஊசி பார்த்துப் பார்த்து இடுங்கிப்போன கண். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது. ஒன்பது வருடம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன், இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

“இவ்ளோ நேரம் என் மூஞ்சிய யாரும் பாத்ததில்ல மேடம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லா பெருசாவே வரைங்க. மெயின் ரோட்டுல போறவங்களுக்குத் தெரியணும்” என்றார்.

“யாருக்குத் தெரியணும்?” என்றேன், தெரியாதவள் மாதிரி.

“யாரோ. இந்த ரோட்டுல போறவங்க, வரவங்க. அக்கா இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சா சரி.”

அவர் பேர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்து டேப்புக்கு வந்தேன்.

டேப் என்பது மெல்லிசாக, வளைந்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். இடது பக்கம் கொஞ்சம் தடித்துவிட்டது. சரி என்று வலது பக்கத்தையும் தடிமனாக்கினேன். இப்போது வலது ஜாஸ்தி. திரும்ப இடது. இப்படியே சமன் செய்து, சமன் செய்து... கடைசியில் அளவுக் கோடு போட வேண்டுமே என்று சிவப்பில் வரிசையாகப் புள்ளி வைத்தேன்.

கலைமணி சார் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“காயட்டும் மேடம். நாளைக்குப் பாத்துக்கலாம்.”

முப்பது வருடம் பிள்ளைகளின் ஓவியம் திருத்தியவர். என்ன நாசூக்கு!

எனக்கோ பெருமை தாங்கவில்லை. சுவரைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். ‘எங்கள் தெருவின் சகாயம் அக்கா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கும்பிடு. குரூப்பிலும் போட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்து குவிந்தது. கும்பிடு, கும்பிடு, கும்பிடு... இருபது முப்பது பேர் கும்பிட்டிருந்தார்கள். பத்திரிகையில் பத்தி எழுதினால்கூட இவ்வளவு பாராட்டு வராது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் ‘மனசைத் தேத்திக்கோங்க மேடம்’ என்று அனுப்பியிருந்தார். என் ஓவியத்தைத்தான் சொல்கிறார் என்று கோபம் வந்தது. பதில் போடவில்லை.

போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வெளிச்சத்தில் பார்த்தபோது டேப் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. பிரஷ்ஷோடு சுவரடியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை. பின்னால் அவர் மனைவி. மடியில் வாழையிலை சுற்றிய பெரிய ரோஜா மாலை.

அவர் பைக்கை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. மனைவி பிடித்துக்கொள்ள, இறங்கி வந்து சுவர் முன்னால் நின்றார். சுவரில் கையை வைத்தார். தோள் குலுங்கியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓவியத்தைப் பார்த்து யாராவது அழுவார்களா? அதுவும் என் ஓவியத்தை?

“எந்த வூடுங்க? எங்க வச்சிருக்காங்க?” என்றார் என்னிடம்.

“எத?”

“எங்கக்காவ... எப்பங்க தவறுனாங்க? காலையிலதான் எங்க சர்ச்சு பங்கு குரூப்புல பாத்தேன். போட்டோவுக்குக் கீழ எல்லாரும் இரங்கல் போட்டிருந்தாங்க...”

அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். அப்போதுதான், முதல் தடவையாக, என் படத்தை வேறொருவர் கண்ணால் பார்த்தேன். எப்போதும் கண்ணீர் அஞ்சலி தொங்குகிற அதே சுவர். வெளிர்ச் சேலையில் சிரிக்கிற ஒரு அம்மா. கழுத்தில் கனமான, கொழுத்த, சிவப்புப் புள்ளி வைத்த மஞ்சள் சாமந்தி மாலை. கீழே கலைமணி சார் எழுதிய பேர். நம் ஊரில் இதற்கு வேறு என்ன அர்த்தம்? எங்கள் குரூப்பிலிருந்து யாரோ படத்தை மட்டும் எடுத்துப் பங்கு குரூப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் இரங்கல் சொல்ல, நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கும்பிடுகள் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தை வார்த்தைகளால் நிரப்புகிறவள் நான். அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

“உள்ள தச்சிக்கிட்டு இருக்காங்க...”

அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். நான் பிரஷ்ஷால் வீட்டைக் காட்டினேன். அவர் ஓடினார். மாலையோடு அவர் மனைவி ஓடினார். பெயின்ட் டப்பாவோடு நானும் ஓடினேன்.

சத்தம் கேட்டு சகாயம் அக்கா வாசலுக்கு வந்தார். கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி. தம்பியைப் பார்த்தார். பின்னால் வந்த மாலையைப் பார்த்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார்.

“யாருக்குடா மாலை?”

அந்தோணி கேட்டுக்கு வெளியே, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குரல் உயரவில்லை. “செத்தாதான் வருவியா?” என்றார்.

தெருவில் கேட்கள் திறக்கிற சத்தம். முன்பெல்லாம் எங்கள் தெருவில் அழுகைச் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடுவார்கள். அன்றைக்கு ஆளாளுக்கு வெளியே வந்து நின்றார்கள். பிகாஷ் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தோணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எடம் இருந்துச்சுக்கா” என்றார்.

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு பேனர்ல எடம் இருந்துச்சு. சித்தப்பா போடக் கூடாதுன்னாரு. நான் வாயத் தொறக்கல. எடம் பத்தலன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். பன்னெண்டு வருஷமா... அத எப்டி வந்து சொல்றதுன்னு தெரியலக்கா.”

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அழுதேன்.

சகாயம் அக்கா ரொம்ப நேரம் தம்பியின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “எழுந்திரு. வெள்ளச் சட்ட. செம்மண்ணு புடிச்சா போவாது” என்றார்.

உள்ளேயிருந்து முருகையன் வந்தார். லுங்கி, பனியன், பாதி சவரம் செய்த முகம். படி இறங்கி வந்து மைத்துனரின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“வாங்க மச்சான்.”

அந்தோணி அவர் முகத்தைப் பார்த்தார். “மாமா” என்றார்.

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அந்த உறவுமுறையை அவர் வாயால் முருகையன் கேட்பது அதுதான் முதல் தடவையாம். அப்புறம் பஸ்ஸில் சொன்னார். அப்போது என் டிக்கெட்டைக் கொடுக்க மறந்துவிட்டு ஆலப்பாக்கத்தில் ஞாபகம் வந்து திரும்பி வந்தார்.

சரி, மாலையை என்ன செய்வது? அந்தோணியின் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். இறந்தவருக்கென்று வாங்கிய மாலையை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சாமிக்குப் போட முடியாது. பாய்தான் முன்னால் வந்தார். “இப்டி குடும்மா” என்று வாங்கி, மொபெட் பெட்டிக்குள் வைத்து மூடி, குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

பத்து மணி வாக்கில் எல்லோரும் சுவரடிக்குப் போனோம். அந்தோணி கிட்டே நின்று நிதானமாகப் பார்த்தார்.

“யாரு வரஞ்சது இது?”

தெருவே என்னைக் காட்டிக்கொடுத்தது. அவ்வளவு ஒற்றுமையை நான் எங்கள் தெருவில் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நல்லாதான் இருக்கு மேடம்” என்றார் பெருந்தன்மையாக. “அக்கா சிரிப்பு அப்டியே இருக்கு. இந்த டேப்புதான்...”

“இன்னிக்கே சரி பண்ணிடறேன் சார்” என்றார் கலைமணி சார் அவசரமாக.

“வேணாம்” என்றார் சகாயம் அக்கா. “மேடம் ஒழுங்கா வரஞ்சிருந்தா இவன் வந்திருக்க மாட்டான். அப்டியே கெடக்கட்டும்.”

ஆகவே என் தப்பு அப்படியே இருக்கிறது. ரோட்டில் போகிற யாராவது இன்னமும் பைக்கை நிறுத்தி, “அந்தம்மா எப்ப தவறுனாங்க?” என்று கேட்கிறார்கள். “உள்ள போய் அவுங்களயே கேளுங்க” என்று அனுப்பிவைக்கிறோம். அக்காவுக்கு இரண்டு புது கஸ்டமர் கிடைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊரில் ஒரு சாதாரண மனிதரின் முகத்தை எப்போது பெரிசாகச் சுவரில் போடுகிறோம்? போன பிறகு. அப்போதுதான் நின்று பார்க்கிறோம், ‘பாவம், நல்ல மனுஷி’ என்கிறோம். கலைமணி சார் செய்ததெல்லாம் அந்தப் பார்வையைக் கொஞ்சம் முன்னாலேயே பார்க்கவைத்ததுதான். ஒரு ஸ்டூல், ஒரு பிரஷ். கலை, சமூகம், நல்லிணக்கம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்களே... அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது எங்கள் குரூப்பில் ‘பதினாலுல நாய்’ என்று யாரும் எழுதுவதில்லை. நாய்க்கும் ஒரு பேர் இருப்பது தெரிந்துவிட்டது.

அந்தோணியும் மனைவியும் அன்று முழுக்க இருந்தார்கள். மதியம் மீன் குழம்பு வாசனை என் வீடு வரைக்கும் வந்தது. ஒரு கிண்ணத்தில் குழம்பும் வந்தது. நடுநடுவே அக்கா திட்டுகிற சத்தம் வந்தது. பன்னிரண்டு வருடத் திட்டு, ஒரே நாளில் முடியுமா? சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்தில், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்குப் போனால், கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். காலையில் துக்கத்துக்கென்று கிளம்பி வந்தவருக்கு அந்த நினைப்பு உடம்பில் அப்படியே இருந்திருக்கும் போல. அந்தோணி செருப்பை மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்கை எடுத்தார். மனைவி ஏறிக்கொண்டார். சகாயம் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த முகம் அல்லவா, இப்போது எனக்குத் தெரிகிறது.

பைக் தெரு முனைவரை போனது. நின்றது. திரும்பியது.

அந்தோணி வாசலில் வந்து இன்ஜினை நிறுத்தினார். இறங்கினார். “போயிட்டு வரேன்க்கா” என்றார். அக்கா தலையை ஆட்டினார். “வரேன் மாமா” என்றார் முருகையனிடம். அப்புறம், என்ன தோன்றியதோ, அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“வரேங்க.”

“வாங்க, வாங்க” என்றது தெரு.

எனக்குத்தான் குரல் கொஞ்சம் ஜாஸ்தியாக வந்துவிட்டது.